ஐ.ஐ.எம் கனவு... ‘கிடைக்குமா?’ என்ற கேள்விக்கு வீட்டிலேயே ஒரு கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. சென்னையில் ஐ.டி வேலை பார்க்கும் மகன் சேலத்துக்கு வந்திருக்கிறான். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வரும்போது மெதுவாக ஆரம்பிக்கிறான்.

“அப்பா, வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் கேட் எக்ஸாமுக்குப் படிக்கலாம்னு இருக்கேன். ஐ.ஐ.எம்-ல எம்.பி.ஏ பண்ணணும்.”

அம்மா கரண்டியைக் கீழே வைக்கிறார். கடைக் கணக்கிலேயே காலத்தைக் கழித்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார். “கிடைச்சிருமாடா?”

“நல்லா படிச்சா கிடைக்கும்ப்பா.”

அதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை. அப்பாவுக்கும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை.

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதம் கேட் விண்ணப்பம் தொடங்கும்போது பல வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. (பொறியாளர்கள் எம்.டெக் படிக்க எழுதும் ‘கேட்’ வேறு. இது மேலாண்மைப் படிப்புக்கான கேட்.) ‘கிடைக்குமா?’ என்ற அந்தக் கேள்விக்கு யாராலும் துல்லியமாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால், வேலையை விடலாமா, கோச்சிங்குக்குப் பணம் கட்டலாமா என்று முடிவெடுக்கப் போதுமான ஒரு பதிலை வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். ஒரு பேப்பர், ஒரு பேனா, கொஞ்சம் நேர்மை இருந்தால் போதும்.

எத்தனை பேர், எத்தனை இடம்?

2024-ம் ஆண்டு கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அகமதாபாத் ஐ.ஐ.எம்-மின் இரண்டாண்டுப் படிப்பில் இருப்பது ஏறக்குறைய 400 இடங்கள். அதில் எஸ்.சி 15, எஸ்.டி 7.5, ஓ.பி.சி 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10 என 59.5 சதவிகிதம் ஒதுக்கீட்டில் போய்விடும். மீதி 40.5 சதவிகிதம், அதாவது சுமார் 160 இடங்கள்தான் பொதுப் போட்டிக்கு.

இதைப் பார்த்துத் தலைசுற்ற வேண்டாம். நாட்டில் 20-க்கும் மேற்பட்ட ஐ.ஐ.எம்-கள் இருக்கின்றன. 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி, டெல்லி எஃப்.எம்.எஸ் போன்றவையும் கேட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன. எனவே, ‘ஐ.ஐ.எம் கிடைக்குமா?’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. ‘எந்தக் கல்லூரி கிடைக்கும்?’ என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

99 என்றால் 99 மார்க் இல்லை!

வீட்டில் பெரியவர்கள் முதலில் குழம்பும் இடம் இதுதான். கேட் முடிவில் வருவது பெர்சென்டைல். அது மதிப்பெண் சதவிகிதம் கிடையாது. நமக்குப் பின்னால் எத்தனை சதவிகிதம் பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண் அது.

2024 எண்ணிக்கையை வைத்தே பார்ப்போம். 90 பெர்சென்டைல் என்றால் நமக்கு முன்னால் சுமார் 29,300 பேர். 95 என்றால் சுமார் 14,650 பேர். 99 என்றால் சுமார் 2,930 பேர். 99.9 என்றால் 300 பேருக்கும் குறைவு. 90-லிருந்து 95-க்குப் போக ஏறக்குறைய 15,000 பேரைத் தாண்ட வேண்டும். மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் மலையேற்றம்தான்.

இதில் ஆறுதலான ஒரு விஷயமும் உண்டு. 2024 தேர்வில் இருந்தவை 68 கேள்விகள். மொத்தம் 204 மதிப்பெண். அதில் பாதிக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கே 99 பெர்சென்டைல் கிடைத்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதத் தேவையில்லை. சரியான கேள்வியைத் தேர்ந்தெடுத்து, தப்பில்லாமல் எழுதுபவர்தான் முன்னால் நிற்கிறார். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வகைக் கேள்வியில் தவறான விடைக்கு 1 மதிப்பெண் போய்விடும்.

பத்தாம் வகுப்பு மார்க் திரும்பி வரும்

கேட் மதிப்பெண் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் பல ஐ.ஐ.எம்-கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண், வேலை அனுபவம் என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நேர்காணலுக்கு அழைக்கின்றன.

அகமதாபாத் ஐ.ஐ.எம் அண்மை ஆண்டுகளில் பின்பற்றிய விதியைப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் 90-க்கு மேல் எடுத்தவருக்கு 10 புள்ளி. 80-க்கு மேல் 90 வரை என்றால் 8. 70-க்கு மேல் 80 வரை என்றால் 5. நம் சேலத்துப் பையன் பத்தாம் வகுப்பில் எடுத்தது 79 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு 5 புள்ளிதான். பக்கத்து பெஞ்சில் இருந்து 81 எடுத்த நண்பனுக்கு 8. பதினைந்து வயதில் விட்ட இரண்டு சதவிகிதம் இருபத்து நான்கு வயதில் வந்து நிற்கிறது.

இதை மாற்ற முடியாது. அதனால்தான் இதை முதலில் எழுதிவைக்க வேண்டும். பேப்பரில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் ‘மாற்ற முடியாதவை’ என்று தலைப்பிடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, பட்டப்படிப்பின் துறை, வேலை பார்த்த மாதங்கள் எல்லாம் அந்தப் பக்கம். வலது பக்கம் ‘இனிமேல் செய்யக்கூடியவை’. கேட் தேர்வு, நேர்காணல், சான்றிதழ்கள் ஆகியவை அங்கே. இடது பக்கம் பலமாக இருந்தால் வலது பக்கம் கொஞ்சம் மூச்சுவிடலாம். இடது பக்கம் பலவீனமாக இருந்தால் கேட்டில் கூடுதலாக எடுத்தே ஆக வேண்டும். அல்லது, பழைய மதிப்பெண்ணுக்கு அதிக முக்கியத்துவம் தராத கல்லூரிகளைத் தேட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் தேர்வு முறையை ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு அது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படிப்பது அவசியம்.

ஒரு பகுதியில் சறுக்கினால்...

கேட் தேர்வில் மூன்று பகுதிகள்: ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், தரவுகளை அலசும் புதிர்கள், கணிதம். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றை முடித்துவிட்டு மீதமான நேரத்தை அடுத்ததற்கு எடுத்துக்கொள்ள முடியாது.

பல ஐ.ஐ.எம்-கள் மொத்த பெர்சென்டைலோடு சேர்த்து ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. கணிதத்தில் 99 எடுத்து மொத்தத்தில் 97 வந்தாலும், ஆங்கிலப் பகுதியில் அந்தக் குறைந்தபட்ச அளவைத் தொடவில்லை என்றால் அழைப்பு வராது.

தமிழ் வழியில் படித்தவர்களும், ஆங்கில வாசிப்புப் பழக்கம் இல்லாதவர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது. 2024-ல் ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16, பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள். கடைசி மூன்று மாதத்தில் மனப்பாடம் செய்து இதைச் சமாளிக்க முடியாது. தினமும் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையும் கட்டுரைகளையும் படிப்பதை ஒரு வருடம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று: ஐ.ஐ.எம்-கள் அறிவிக்கும் ‘குறைந்தபட்ச பெர்சென்டைல்’ வேறு, உண்மையில் அழைப்பு வரும் பெர்சென்டைல் வேறு. முன்னணிக் கல்லூரி ஒன்று 85 என்று அறிவித்திருக்கும். ஆனால், பொதுப் பிரிவில் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 99-ஐ ஒட்டியோ, தாண்டியோ இருப்பார்கள். 85 என்பது வாசல்படி. உள்ளே நாற்காலி எங்கே இருக்கிறது என்பது வேறு கணக்கு.

சான்றிதழை மறக்காதீர்கள்

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரிதும் கோட்டைவிடும் விஷயம் இது. கையில் இருக்கும் பி.சி அல்லது எம்.பி.சி சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கானது. ஐ.ஐ.எம்-கள் மத்திய அரசு நிறுவனங்கள். அங்கே ஓ.பி.சி ஒதுக்கீடு வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் தேவை. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி பட்டியலில் இருக்க வேண்டும். குடும்பம் ‘கிரீமி லேயர்’ எனப்படும் வசதி படைத்த பிரிவில் வரக் கூடாது. இதற்கான தனிச் சான்றிதழை இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

இதற்கான ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். இந்தக் கணக்கில் சம்பள வருமானமும் விவசாய வருமானமும் சேராது. அதற்குப் பதில் பெற்றோர் வகிக்கும் பதவி பார்க்கப்படும். எனவே, ‘நமக்கு வராது’ என்று நீங்களாகவே முடிவுகட்டாமல் தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். கேட் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டீர்களோ, அதைப் பிறகு மாற்ற முடியாது. செப்டம்பரில் சான்றிதழுக்கு அலைந்தால் தேதி போய்விடும்.

மாக் டெஸ்ட் பொய் சொல்லாது, நாம்தான் சொல்வோம்

நம் பையன் ஐந்து மாதிரித் தேர்வுகள் எழுதியிருக்கிறான். பெர்சென்டைல்: 88, 93, 85, 96, 90. ‘எவ்வளவுடா வருது?’ என்று நண்பன் கேட்டால் அவன் சொல்வது ‘96’. உண்மை நிலை அந்த ஐந்தின் சராசரி. கூட்டி வகுத்தால் சுமார் 90.

கடைசி ஐந்து தேர்வுகளின் சராசரிதான் உங்கள் இன்றைய நிலை. மிக அதிகமாக வந்ததை ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம்; கணக்குக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக இதே சராசரியைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பகுதி காலை வாரிவிடுகிறது என்று தெரிந்துவிடும். முந்தைய ஆண்டுகளின் அசல் வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோச்சிங் சேரும் முன்பே கடிகாரம் வைத்து அதில் இரண்டை எழுதிப்பார்த்தால், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது புரியும்.

கேட்காமலே இருந்தவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். அத்தை மகள். ஈரோட்டில் பி.காம் இறுதியாண்டு. பத்தாம் வகுப்பில் 93 சதவிகிதம், பன்னிரண்டில் 95, கல்லூரியில் இதுவரை 84. “ஐ.ஐ.எம் எல்லாம் இன்ஜினீயரிங் படிச்ச பசங்களுக்குத்தானே மாமா” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு பேரின் பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையன் பொறியாளர். கேட் எழுதுபவர்களில் மிகப் பெரிய கூட்டம் ஆண் பொறியாளர்களின் கூட்டம்தான். ஒரே மாதிரியானவர்களால் வகுப்பறை நிறைந்துவிடக் கூடாது என்பதால், பல ஐ.ஐ.எம்-கள் பெண்களுக்கும் பொறியியல் அல்லாத படிப்பினருக்கும் சில புள்ளிகள் கூடுதலாகத் தருகின்றன. அகமதாபாத் ஐ.ஐ.எம், விண்ணப்பதாரர்களைப் படித்த துறைவாரியாகப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் முன்னணியில் இருப்பவர்களையும் பார்க்கிறது. கோழிக்கோடு ஐ.ஐ.எம்-மில் 2013-ல் சேர்ந்த வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள்.

அதாவது, பையனுக்கு 99-க்கு மேல் தேவைப்படும் இடத்தில், அவளுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலே அழைப்பு வரலாம். அவளுடைய இடது பக்கம் ஏற்கெனவே பலமாக இருக்கிறது. பட்டப்படிப்பில் 50 சதவிகிதம் இருந்தால் போதும் (எஸ்.சி, எஸ்.டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45), இறுதியாண்டு படிப்பவர்களும் எழுதலாம். அவள் செய்ய வேண்டியது கணிதத்தையும் ஆங்கில வாசிப்பையும் இப்போதே தொடங்குவதுதான்.

ஆசையைச் சொன்னவனைவிட, வாய் திறக்காதவளுக்குத்தான் வாய்ப்பு அதிகம். கணக்குப் போடாமல் இருந்திருந்தால் இது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்று வரிசை போடுங்கள்

இப்போது கல்லூரிகளை மூன்று வரிசையாக எழுதலாம். முதல் வரிசை, எட்டிப்பிடிக்க வேண்டியவை: அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா போன்றவை. இரண்டாவது, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. புதிய ஐ.ஐ.எம்-கள் சிலவற்றில் பொதுப் பிரிவுக்கே 90-களின் நடுப்பகுதியில் அழைப்பு வந்த ஆண்டுகள் உண்டு. ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு அதைவிடக் குறையும். மூன்றாவது, நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவை. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு மூலம் தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் எம்.பி.ஏ படிக்கலாம். கட்டணம் ஐ.ஐ.எம்-மோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ-க்கு ஜனவரியில் எக்ஸாட் என்ற தனித் தேர்வு. இரண்டு வருட வேலை அனுபவத்தைத் தாண்டியவர்கள் ஹைதராபாத் ஐ.எஸ்.பி-யின் ஓராண்டுப் படிப்பையும் பார்க்கலாம். அதற்கு ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ மதிப்பெண் வேண்டும். ஐ.ஐ.எம் அல்லாத சில கல்லூரிகளில் கேட் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும் என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

‘ஐ.ஐ.எம்-ல் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது போன் செய்தால், உடனே வைத்துவிடுங்கள். அப்படி ஒரு கோட்டாவே கிடையாது.

அழைப்பு வந்தால் பாதிக் கிணறுதான்

நேர்காணல் அழைப்பு வந்ததும் இனிப்பு கொடுக்கும் வீடுகள் உண்டு. கொஞ்சம் பொறுக்கலாம். அகமதாபாத் ஐ.ஐ.எம்-மின் அண்மைக்கால விதியில் இறுதித் தேர்வுக்கு நேர்காணல் 50 சதவிகிதம், எழுத்துத் திறன் 10, பழைய மதிப்பெண்கள் உள்ளிட்ட விண்ணப்ப மதிப்பீடு 15, கேட் 25 சதவிகிதம்தான்.

நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் நாம் ஏற்கெனவே செய்தவற்றைப் பற்றி. கல்லூரியில் படித்த பாடம், பார்க்கும் வேலை, ‘ஏன் எம்.பி.ஏ?’ என்ற கேள்வி. ‘நல்ல சம்பளம் வரும்’ என்பதைத் தாண்டி ஒரு பதில் இருக்கிறதா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் கேள்வி கேட்டு, பிள்ளை பதில் சொல்லிப் பழகலாம். அப்பாவுக்குப் புரியும்படி தன் வேலையை விளக்கத் தெரிந்தவருக்குப் பேராசிரியரிடமும் வார்த்தை வரும்.

கடன் கணக்கும் சேர்த்துத்தான்

முன்னணி ஐ.ஐ.எம்-களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 25 லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. அதை 9 சதவிகித வட்டியில் பத்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 31,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் தர, பி.எம் வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருப்பவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகையும் அதில் உண்டு.

சேரும் முன் அந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிடுங்கள். எல்லோரையும் சம்பளப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் சம்பளம் என்ன என்று பாருங்கள். அந்தச் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்டிக் குடும்பம் நடத்த முடியுமா? முடியாது என்றால், சீட் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும்.

அப்பாவுக்கு என்ன பதில்?

பையனின் பேப்பர் இப்போது நிரம்பிவிட்டது. சராசரி 90. பத்தாம் வகுப்பில் 79. பொறியாளர். இன்றைய நிலையில் முதல் வரிசைக் கல்லூரிகள் மிகத் தொலைவு. ஓ.பி.சி சான்றிதழ் கிடைத்து, இன்னும் நான்கைந்து புள்ளி கூட்டினால் புதிய ஐ.ஐ.எம்-களின் அழைப்புக்கு நியாயமான வாய்ப்பு உண்டு.

அதற்கு வேலையை விட வேண்டுமா? வேண்டியதில்லை. தேர்வு நடப்பது நவம்பர் கடைசியில், ஒரே ஒரு நாள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். வயது வரம்பும் இல்லை. வேலை அனுபவத்துக்குப் பல கல்லூரிகளில் புள்ளி உண்டு. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால், ‘அந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?’ என்று நேர்காணலில் கேட்பார்கள். அலுவலகத்துக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம், சனி, ஞாயிறில் ஒரு மாதிரித் தேர்வு என ஆறேழு மாதம் உழைத்துப் பார்க்கலாம். அப்போதும் சராசரி நகரவில்லை என்றால், இழந்தது தூக்கமும் விண்ணப்பக் கட்டணமும்தான். சம்பளம் பத்திரமாக இருக்கும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவன் அப்பாவிடம், “கிடைக்கும்ப்பா” என்று சொல்ல வேண்டியதில்லை. “இந்த மூணு காலேஜுக்கு வாய்ப்பு இருக்குப்பா, இந்த மூணுக்கு இன்னும் இவ்வளவு வேணும், அதுவரைக்கும் வேலையில இருக்கேன்” என்று சொல்லலாம். கடைக் கணக்குப் பார்த்தே பழகிய அப்பாவுக்கு அது புரியும்.

அப்படியே, தட்டைக் கழுவப் போன அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவளிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுக்கட்டும்.